நத்தை சுற்றும் பக்கம்

3 ஜூன்

வணக்கம்.

இங்கே நலம். அங்கேயும் நலம் என்று நினைக்கிறேன்.

ஒரு காரியத்துக்காகத்தான் இந்தக் கடிதம். பொடிசின் பள்ளியில் அடுத்த மாதம் நாடகம். மழை வரப்போகிறது என்று பூச்சி புழுவுக்கெல்லாம் சேதி சொல்லக் கிளம்புகிற நத்தையாக அவள் நடிக்கிறாள். மழை வந்து, நின்று, வெயிலும் அடித்த பிறகுதான் நத்தை போய்ச் சேருமாம். அந்த வேஷத்துக்குத் தலையில் ஓடு மாதிரி ஒரு தொப்பி வேண்டும், இரண்டு கொம்போடு. கடையில் வாங்கித் தருகிறேன் என்றேன். அதற்குள் அவள் டீச்சரிடமும் வகுப்பு முழுக்கவும் "எங்க அத்தை பின்னித் தருவாங்க" என்று சொல்லிவிட்டு வந்து நிற்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உங்களைச் சிரமப்படுத்த விரும்பவில்லை. தொப்பி வேண்டாம். எப்படிப் பின்னுவது என்று மட்டும் எழுதி அனுப்பினால் போதும், நானே செய்துகொள்வேன். நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையின் முகவரியைக் கீழே கொடுத்திருக்கிறேன். வீட்டுக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். பொடிசுக்கு இது தெரிய வேண்டியதில்லை. உங்கள் அண்ணனுக்கும் தெரிய வேண்டியதில்லை.

இப்படிக்கு,
பொடிசின் அம்மா


8 ஜூன்

அன்புள்ள அண்ணி,

"உங்களை" என்று எழுதியிருந்தீர்கள். யாரைச் சொல்கிறீர்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். பஸ் இருக்கைக்கு உறை தைக்கிற எங்கள் பட்டறையில் எனக்குப் பின்னால் கிழிந்த சீட்டுகள்தான் அடுக்கியிருந்தன. அவற்றுக்கு நீங்கள் கடிதம் போட நியாயமில்லை.

எங்கள் வீட்டுக்குக் கல்யாணமாகி வந்த மறுநாளிலிருந்து என்னை "ஏ நொட்டாங்கை" என்று கூப்பிட்டவர் நீங்கள். இடது கைக்காரி என்று வேறு யாராவது சொல்லிக்காட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீங்கள் சொன்னால் மட்டும் செல்லப் பெயராகிவிடும். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று அதைக் கேட்டு. நீங்கள் அண்ணனை விட்டுப் பிரிந்து, பொடிசைத் தூக்கிக்கொண்டு ஊர் மாறி, போன் நம்பரையும் மாற்றிக்கொண்ட பிறகு, உங்கள் கையெழுத்தை இப்போதுதான் பார்க்கிறேன். மரியாதையெல்லாம் பலமாக இருக்கிறது. பரவாயில்லை, இப்படியாவது நாலு வரி எழுதினீர்களே.

போனில் கேட்காமல் கடிதத்தில் கேட்டதும் நல்லதுதான். போனில் பேசியிருந்தால் "ஹலோ"வுக்கு அடுத்த வார்த்தையிலேயே சண்டை வந்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தொப்பி வேண்டாம், விவரம் போதும் என்கிறீர்கள். குரோஷே ஊசியைக் கையில் தொடாத ஆள் நீங்கள். நான் பின்னும்போதெல்லாம் "இந்த நேரத்துக்கு ரெண்டு தூக்கம் போடலாம்" என்பீர்கள். இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். எழுதுகிறேன்.

பழுப்பில் ஓர் உல்லன் உருண்டை, வெளிர் மஞ்சளில் ஓர் உருண்டை, ஓர் ஊசி, மூன்றும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஊசியை இடது கையில் பேனா மாதிரி பிடியுங்கள். நூலை வலது கை ஆட்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு சின்ன வளையம் போட்டு, அதற்குள் பாதி வட்டம் பழுப்பு நூலால் பின்னி அப்படியே விட்டுவிடுங்கள். மீதிப் பாதியை மஞ்சளால் பின்னுங்கள். பிறகு பழுப்பை எடுத்து மஞ்சளின் தலைமேல் ஓட்டுங்கள், அப்புறம் மஞ்சளைப் பழுப்பின் தலைமேல். ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டே போகும், ஆனால் முந்தக் கூடாது. இப்படிப் போகப் போக நத்தை ஓட்டில் இருக்கிற அதே சுழி தானாக விழும். சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கூட்டிக்கொண்டே வந்தால் குடை மாதிரி விரியும். கொம்புக்கு எங்கள் பட்டறை சீட்டு ஸ்பாஞ்சில் இரண்டு துண்டு வெட்டி அனுப்புகிறேன். மேலே உறை மாதிரி பின்னிவிட்டால் போதும்.

இழுத்துப் பிடிக்காதீர்கள். கோபத்தில் பின்னினால் நூல் இறுகிவிடும், ஊசி நுழையாது. இதை மட்டும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பொடிசுக்குப் பல் விழுந்துவிட்டதா? எந்தப் பல்?

உங்கள்,
நொட்டாங்கை


17 ஜூன்

உல்லனும் ஊசியும் வந்தன. நன்றி.

அண்ணி என்று எழுத வேண்டாம். உங்கள் அண்ணன் மனைவி இப்போது வேறு ஒருவர். பதிவுக் கல்யாணத்துப் படத்தைப் பார்த்தேன். நானாகத் தேடிப் போகவில்லை. மூக்குக்கண்ணாடி சரிசெய்ய வந்த ஓர் அம்மாள், உங்கள் பக்கத்துச் சொந்தமாம், போனை நீட்டி "இது யார் தெரியுதா?" என்றார். தெரிந்தது. அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நீ நின்றாய். உன் அண்ணன் நின்றதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவன் எப்படியும் நிற்கத்தானே வேண்டும். நீ நின்றாய் பார், அதுதான் கடைக்குப் பின்னால் போய் முகம் கழுவ வைத்தது.

அவளையும் அண்ணி என்றுதான் கூப்பிடுகிறாயா? சும்மா கேட்டேன். பதில் வேண்டாம்.

தொப்பி விஷயம். பொடிசுக்குத் தெரியக் கூடாது என்று கடையிலேயே, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பின்னுகிறேன். பின்னுகிறேன் என்று சொல்வதே அதிகம். வளையம் போடுவதற்குள் ஊசி கையை விட்டு நழுவிக் கண்ணாடி அலமாரிக்கு அடியில் போய்விடுகிறது. நாலு கண்ணி ஏறினால் மூன்று கழன்றுவிடுகிறது. இத்தனைக்கும் நீ எழுதியதை எழுதியபடிதான் செய்கிறேன், ஓர் எழுத்து மாற்றவில்லை. மயிரிழை போன்ற திருகாணியை மூக்குக்கண்ணாடிக்குப் போடுகிற கை இது. இந்த நூலிடம் குழந்தை மாதிரி திணறுகிறது. முதலாளி பார்த்துவிட்டு, "என்னம்மா, கண்ணாடிக்குச் சட்டை தைக்கிறியா?" என்கிறார்.

எந்த இடத்தில் தப்புச் செய்கிறேன் என்று மட்டும் எழுது.

மேல்வரிசை முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. "நத்தை" என்றால் காற்றுத்தான் வருகிறது.


22 ஜூன்

நத்தையின் தாயார் அவர்களுக்கு,

அண்ணி என்ற வார்த்தையை எடுத்துவிட்டால் எனக்குக் கடிதம் தொடங்கவே வரவில்லை. நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். அதனால் இந்தப் பட்டம். பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள், வேறு யோசிக்கிறேன்.

பதில் வேண்டாம் என்று கேட்ட கேள்விக்குத்தான் முதல் பதில்.

அவன் என் அண்ணன். நீங்கள் போன அன்றே அவன் முகத்துக்கு நேராக "நீ பண்ணது அநியாயம்" என்று சொன்னேன். கேட்டுக்கொண்டான். பிறகு அவன் கல்யாணத்துக்கும் போனேன், படம் எடுத்தவன் சிரிங்க என்றான், சிரித்தேன். எனக்கு இருப்பது இந்த ஓர் அண்ணன்தான். அவனை வெட்டிவிட்டு நான் எங்கே போய் நிற்பேன்? அநியாயம் என்று சொன்னதும் நான்தான், பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதும் நான்தான். இரண்டில் ஒன்றை மறைத்து உங்களிடம் நல்ல பேர் வாங்க எனக்கு இஷ்டமில்லை. உங்களுக்கு வலித்தது என்று படித்தபோது எனக்கும் வலித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெண்ணை நான் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கீழ்வீட்டில் அவர்கள், மாடியில் நான். எதிரே வந்தால் "இங்க பாருங்க" என்பேன், "ஏங்க" என்பேன், இருமுவேன். அண்ணி என்று வாயெடுத்தால் உங்கள் முகம் வந்து நிற்கிறது. அவளுக்கும் புரிகிறது போல. அவளும் என்னை "வந்து..." என்றுதான் கூப்பிடுகிறாள். இரண்டு பேரும் இருமி இருமியே காலத்தை ஓட்டுகிறோம்.

இப்போது என் பங்குக்கு ஒன்று கேட்கிறேன். இதற்குப் பதில் வேண்டும். நான் ஏன் வருவதில்லை என்று பொடிசிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள்? மாதத்தில் ஒரு நாள் வந்து பார்க்கலாம் என்று கோர்ட்டில் அண்ணனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தடியன் அதைக்கூட ஒழுங்காகப் பயன்படுத்துவதில்லை. அத்தைக்கு எந்தக் கோர்ட்டும் நாள் குறித்துத் தராது. அவள் வளர்ந்துவிடுவாள். சின்ன வயதில் யாரோ ஒருத்தி இருந்தாள், ஏதோ பின்னிக்கொண்டே இருப்பாள் என்ற அளவுக்கு நான் தேய்ந்துபோய்விடுவேன். இந்தப் பயத்தோடுதான் தினமும் பஸ் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருக்கிறேன்.

பின்னல் ஏன் வரவில்லை என்று எனக்குப் பிடிபடவே இல்லை. உங்கள் கை நேர்த்தியான கை. உட்கார்ந்து யோசித்துப் பார்த்தும் விளங்கவில்லை. கோபத்தைக் குறைத்துப் பாருங்கள் என்றால் அதற்கும் கோபப்படுவீர்கள்.

நொட்டாங்கை


30 ஜூன்

என்ன தப்பு என்று கண்டுபிடித்தாயிற்று. நானும் நீயும் கண்டுபிடிக்கவில்லை. பொடிசுதான்.

சனிக்கிழமை அரைநாள் பள்ளி. வழக்கமாகப் பக்கத்து வீட்டுக்குப் போகிறவள் நேராகக் கடைக்கு வந்துவிட்டாள். நான் கவுண்டருக்குப் பின்னால் குனிந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். பிறகு கேட்டாள், "அம்மா, நீ ஏன் அத்தை கையால பின்னுற?"

ஊசி என் இடது கையில் இருந்தது. நீ இடது கையில் பிடி என்று எழுதினாய், நான் பிடித்தேன். இத்தனை நாளும்! என்னைக் குற்றம் சொல்லாதே. எங்கள் கடையில் கண் பரிசோதனைச் சீட்டில் இடது கண் என்று எழுதியிருந்தால் இடது கண்தான். மாற்றிப் போட்டால் ஆள் படிக்கட்டில் உருண்டுவிடுவார். எழுதியதை எழுதியபடி செய்துதான் எனக்குப் பழக்கம். நத்தைக்கு இப்படித்தான் பின்ன வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முதலாளி சிரித்த சிரிப்பில் கண் பரிசோதிக்க வந்தவரே எழுந்து வந்துவிட்டார். நானும் சிரித்தேன். எவ்வளவு நாள் கழித்து என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை.

பொடிசு ஊசியை வாங்கி, வலது கையில் பிடித்து, சரசரவென்று சங்கிலி போட்டுக் காட்டினாள். "பக்கத்துல உக்காந்தா அத்தைகிட்ட கத்துக்க முடியாதும்மா. எதிர்ல உக்காரணும். அப்பதான் அவங்க இடது கை என் வலது கைக்கு நேரா வரும்" என்றாள். அவளுக்கு நீ சொல்லிக் கொடுத்தது எனக்குத் தெரியவே தெரியாது.

அதற்குள் மேஜையில் இருந்த உன் கடிதத்தைப் பார்த்துவிட்டாள். மறைக்கப் பார்த்தேன். எழுத்தின் மேலெல்லாம் மை இழுபட்டிருப்பதைப் பார்த்தே, "இது அத்தை. அவங்க கைதான் எழுதினது மேலயே போகும்" என்றாள். என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தாயே. அத்தைக்கு வேலை ஜாஸ்தி என்று சொல்லியிருந்தேன். அன்றைக்கு அவள் அதை நம்பவில்லை. "அப்பா போனா அத்தையும் போயிடணுமா?" என்று கேட்டாள். அழவில்லை. பள்ளிக்கூடத்தில் சட்டம் என்ன என்று டீச்சரிடம் கேட்பார்களே, அப்படிக் கேட்டாள். நன்றாக இருந்த ஒரு கண்ணாடியின் திருகாணியைக் கழற்றி மறுபடி மாட்டினேன்.

இனி மறைக்க எதுவும் இல்லை என்பதால் வீட்டிலேயே வலது கையால் பின்னினேன். நன்றாகவே வந்தது. நானே அசந்துபோனேன். பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினால் பொடிசு என்னை இழுத்துக்கொண்டு கொல்லைக் குழாயடிக்குப் போனாள். சுவரில் நாலைந்து நத்தை ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றின் ஓட்டிலும் நடுவிலிருந்து விரலால் சுற்றிக் காட்டினாள். எல்லாம் கடிகாரம் ஓடுகிற பக்கம். என் தொப்பி மட்டும் எதிர்ப்பக்கம். "தப்பாச் சுத்துது" என்று சொல்லிவிட்டாள். உள்பக்கத்தை வெளியே திருப்பினால் சரியாகுமே என்று திருப்பிப் பார்த்தேன். சுழி சரியாயிற்று, ஆனால் முடிச்சும் நூல் முனையும் எல்லாம் வெளியே துருத்திக்கொண்டு வந்துவிட்டன. "இது செத்துப்போன நத்தை" என்றாள். உன் அண்ணன் மகள் அல்லவா, வாய் எங்கே போகும்?

நீ இடது கையால் பின்னினால்தான் நத்தை சுற்றுகிற பக்கம் தொப்பியும் சுற்றும். உலகத்தில் பெரும்பாலான நத்தைகள் உன் கட்சிதானாம், அவள் பாடப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. சின்ன வயதில் "மாத்திப் பிடி, மாத்திப் பிடி" என்று உன் கையில் அடித்தார்கள் என்று சொல்வாயே. அவர்களையெல்லாம் எங்கள் குழாயடிக்குக் கூட்டிவர வேண்டும்.

ஆகவே, நான் சொன்னதை நானே மாற்றிக்கொள்கிறேன். நீயே பின்னி அனுப்பு. தலை அளவு தனிச் சீட்டில் இருக்கிறது.


4 ஜூலை

அன்புள்ள அண்ணி,

மறுபடியும் அண்ணி என்று எழுதிவிட்டேன். அடிக்க வேண்டுமானால் அடியுங்கள். கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்துச் சிரித்தேன், பிறகு பாதியில் அழுதேன். பக்கத்தில் ஸ்பாஞ்ச் வெட்டுகிறவர் பயந்துபோய் மெஷினை நிறுத்திவிட்டார்.

இடது கை என்று எழுதியது என் கை. அது தன் பேரைத்தானே எழுதும்? ஊரெல்லாம் வலது கைக்காரர்கள் எழுதிய விவரத்தைப் படித்து, ஒவ்வொன்றையும் மனசுக்குள் மாற்றிப் போட்டு மாற்றிப் போட்டே நான் பின்னக் கற்றுக்கொண்டவள். என்னை மாற்றச் சொல்லாமல், நான் சொன்னபடியே கையை மாற்றிப் பிடித்த ஒரே ஆள் நீங்கள்தான். தெரியாமல் செய்திருந்தாலும் சரி. இதை நான் சாகும்வரை சொல்லிச் சொல்லிக் கேலி செய்வேன்.

தொப்பி ஏற்கெனவே இருக்கிறது அண்ணி. விவரம் மட்டும் போதும் என்று நீங்கள் எழுதிய அன்றைக்கே தொடங்கிவிட்டேன். கை சும்மா இருக்கவில்லை. ஓடு முழுக்க முடிந்தது, இரண்டு கொம்பும் முடிந்தது. நத்தைக்குக் கண் கொம்பு நுனியில்தானே இருக்கும். அதற்கு மட்டும் சரியான பொருள் கிடைக்கவில்லை. தலையில் உட்காருகிற விளிம்பு பாக்கி. கடைசிக் கண்ணியில் ஓர் ஊக்கைக் குத்தி நிறுத்தி வைத்திருக்கிறேன். ஊக்கை எடுத்துவிட்டு நூலை இழுத்தால் மொத்தமும் பிரிந்துவிடும், அதனால் தபாலில் போட முடியாது. இது பாதி நிஜம், பாதி சாக்கு.

அளவுச் சீட்டு கிடைத்தது. பிரித்துப் பார்க்கவில்லை. தலையை அளந்து அனுப்பிவிட்டீர்கள். தலைக்குச் சொந்தக்காரியை நான் பார்க்க வேண்டுமே. பல் விழுந்த வாயால் அவள் நத்தை என்று சொல்வதைக் கேட்க வேண்டுமே. அத்தைக்கும் நத்தைக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம் என்று முன்பு என்னைக் கேலி செய்வாள்.

என்னைக் கூப்பிடுங்கள். கூப்பிடாமல் வந்து நிற்கிற தைரியம் எனக்கு இல்லை. கதவைத் திறந்து நீங்கள் "உங்களை" என்று ஆரம்பித்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன்.

கூப்பிட மனமில்லை என்றாலும் கவலை வேண்டாம். ஒரு வரி எழுதுங்கள். சீட்டைப் பிரித்து, அந்த அளவுக்கு விளிம்பை முடித்து, நாடகத்துக்கு முன்னால் சேருகிற மாதிரி அனுப்பிவிடுவேன். குழந்தையின் தொப்பியை வைத்து உங்களிடம் பேரம் பேச மாட்டேன்.

உங்கள்,
நொட்டாங்கை


8 ஜூலை

ஏ நொட்டாங்கை,

வா.

ஞாயிற்றுக்கிழமை வா. நாடகம் பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போக வேண்டும். பஸ் நிலையத்துக்கு வெளியே பழக்கடைக்கு எதிரில் நாங்கள் நிற்போம். ஊக்கு பத்திரம். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வா, மேலே தூக்கிப் போட்டுவிடாதே.

உன் அண்ணனைப் பற்றி நீ பேச்செடுக்கக் கூடாது. நான் எடுத்தால் எடுப்பேன்.

கொம்புக்குக் கண் கவலை உனக்கு வேண்டாம். அது எங்கள் கடை வேலை.


19 ஜூலை

அன்புள்ள அண்ணி,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் சீட்டு கிழிந்திருந்தது. எங்கள் பட்டறையில் தைத்ததுதான், என் தையல் இல்லை.

பழக்கடைக்கு எதிரில் உங்கள் இரண்டு பேரையும் பார்த்ததும் என்னென்னவோ பேச வேண்டும் என்று வந்தேன். வாயைத் திறந்தால் "இளைச்சிட்டீங்க அண்ணி" என்பது மட்டும்தான் வந்தது. நீங்களும் "நீ குண்டாயிட்ட" என்றீர்கள். அத்தோடு சரி. நடுவில் பொடிசு என் பையைப் பிடுங்கித் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் தலை நான் நினைத்திருந்ததைவிடப் பெரிசு. மனசுக்குள் போன வருஷத்துத் தலையையே வைத்திருந்திருக்கிறேன். நல்லவேளை, விளிம்பை முடிக்காமல் கொண்டுவந்தேன்.

உங்கள் சமையலறை மேஜையில் எனக்கு எதிரில் உட்கார்ந்து, "இப்பச் சொல்லிக் குடு" என்று நீங்கள் ஊசியை எடுத்ததை நினைத்துக்கொண்டே வந்தேன். உங்கள் வலது கையும் என் இடது கையும் ஒரே பக்கத்தில் மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தன. முகம் பார்க்கிற கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி இருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பழைய லென்ஸ் இரண்டைச் சின்ன வட்டமாக வெட்டிக் கொம்பு நுனியில் மாட்டினீர்களே, அதைத்தான் டீச்சர்கள் எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நாடகத்தில் அவள் அவ்வளவு மெதுவாக நடந்தாளே! மழையாக வந்த பிள்ளைகள் போய், வெயிலாக வந்த பையனும் வந்து காத்திருந்து, கடைசியில் அவனே பொறுமையில்லாமல் இறங்கி அவளைப் பின்னாலிருந்து தள்ளியதும் நீங்கள் சிரித்துச் சிரித்து என் தோளில் சாய்ந்துவிட்டீர்கள். அப்போது நீங்கள் பின்னிய எதிர்ச்சுழித் தொப்பியை நான் தலையில் போட்டுக்கொண்டிருந்தேன். மேடைமேல் ஒரு நத்தை, கீழே ஒரு நத்தை. பின்வரிசையில் இருந்தவர் மறைக்கிறது என்று முணுமுணுத்தார். நான் கழற்றவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அங்கே இருக்கும்போது சொல்லவில்லை, பேச்செடுக்கக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்ததால். திரும்பி வந்து படியேறும்போது கீழ்வீட்டுப் பெண் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "எங்க போயிட்டு வரீங்க?" என்றாள். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். "அண்ணி வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்த பிறகு, "தொப்பி நல்லா வந்துச்சா?" என்று கேட்டாள். நான் வெளி வராந்தாவில் உட்கார்ந்து பின்னியதையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நல்லா வந்தது என்றேன். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை போட்டுக் கூப்பிட்டிருக்க வேண்டும். எனக்கு இருமல்தான் வந்தது.

உங்கள்,
நொட்டாங்கை


25 ஜூலை

ஏ நொட்டாங்கை,

ஊசியை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். மறந்து விட்டாயா, வேண்டுமென்றே விட்டாயா என்று வீட்டில் பட்டிமன்றம் நடக்கிறது. அனுப்பப் போவதில்லை. வந்து எடுத்துக்கொள்.

பொடிசு தொப்பியைக் கழற்றுவதில்லை. தூங்கும்போது கொம்பு என் கண்ணில் குத்துகிறது. நேற்றுக் குழாயடியில் நத்தைகளுக்குத் தொப்பியைக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் எழுதப் போவதை அவள் படிக்கக் கூடாது என்பதால் இதைக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தபோது ஒன்று சொல்ல நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை. உன் கடிதம் வந்த பிறகு இனியும் தள்ளிப்போட முடியாது.

நான் உங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவதா, யாராவது கூப்பிடும்வரை நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். உன் அண்ணன் எனக்கு முன்னால் போய்விட்டான். எல்லாரும் ஆளுக்கொரு வேலையாக இருந்தார்கள். கை நிறைய நூலோடு நீதான் எட்டிப் பார்த்து, "அண்ணி, உள்ள வாங்க" என்றாய். யாரும் சொல்லித் தந்து நீ சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையில்தான் நான் உள்ளே வந்தேன். பிறகு அந்த வீட்டில் எனக்கு என்னென்னவோ நடந்தது. ஆனால் அந்த வார்த்தையை மட்டும் நீ ஒரு நாளும் திருப்பி வாங்கவில்லை. நானாக வேண்டாம் என்று எறிந்தேன், நீ அதையும் எடுத்துத் துடைத்து வைத்திருந்தாய்.

கீழ்வீட்டில் இருக்கிற பெண் இன்னும் வாசலிலேயே நிற்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் மேல் எனக்குப் பாசம் வந்துவிட்டது என்று நினைக்காதே, அந்த அளவுக்கு நான் நல்லவள் இல்லை. படத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஆனாலும் வீட்டில் ஒருத்தி இருமலைப் பேராக வைத்துக்கொண்டு வாழ்வது கொடுமை. அது யாருக்கும் வேண்டாம்.

அவளையும் அண்ணி என்றே கூப்பிடு. எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது. குறைந்துவிடும் என்று பயந்துதான் இத்தனை நாளும் கதவைச் சாத்தி வைத்திருந்தேன். நீ மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு, ஊக்கை ஒரு விரலால் பிடித்தபடியே பஸ்ஸை விட்டு இறங்கினாய். அப்போது அந்தப் பயம் போய்விட்டது.

இந்தக் கடிதம் கிடைத்ததும் கீழே இறங்கிப் போய்க் கூப்பிடு. முதல் தடவை இருமல்தான் வரும். பரவாயில்லை, சொல்லு.

அடுத்த விடுமுறைக்கு வந்துவிடு. எதிரே ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன்.

உன்,
அண்ணி